தொலைந்த பூனையும் துணைநிற்கும் நிழற்படமும்

 

எங்கள் தாயில்பட்டிப் பகுதியிலிருந்து சகோதரி ஒருவர் அனுப்பிய மடல் இம்மாதச் சிந்தனைக்குப் பொருளாகிறது. தீபாவளி இரவில் வெடியோசைக்கு அஞ்சி ஓடிய அவர்கள் வீட்டுப் பூனை நான்கு நாட்களாகியும் திரும்பவில்லை. பத்து வயது மகள் சரியாக உண்ணாமல் அழுதுகொண்டிருக்கிறாள். பூனையின் நிழற்படத்தை அச்சிட்டுத் தெருவில் ஒட்டலாம் என்கிறார் மூத்த மகன். உயிருள்ளதைப் படமெடுப்பதே கூடாது, அதைச் சுவரில் வேறு ஒட்டுவதா என்று தடுக்கிறார் மாமனார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லச் சொன்னால் போயிற்று என்கிறார் அண்டை வீட்டு அம்மையார். இவற்றுள் எது சரி என்று கேட்டுவிட்டு, ஒரு பூனைக்காக இவ்வளவா என்று எல்லோரும் நகைக்கிறார்கள் என வருத்தத்தோடு முடித்திருக்கிறார்.

நகைப்புக்குரிய செய்தி அன்று இது. மார்க்கமும் உலக அறிவும் ஒருங்கே பேசவேண்டிய இடம். முதலில் அந்த நகைப்புக்கே விடை காண்போம்.

ஒரு பூனைக்காக இவ்வளவா?

பூனை ஒன்றைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், பூமியிலுள்ள சிற்றுயிர்களைத் தின்று பிழைக்கவும் விடாமல் சாகடித்த பெண் நரக வேதனைக்கு ஆளானாள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. அப்பெண் செய்த குற்றம் பூனையை வளர்த்தது அன்று. தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு அப்பொறுப்பை நிறைவேற்றாதது.

அபூகதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்வதற்காக வைத்திருந்த தண்ணீரைக் குடிக்க ஒரு பூனை வந்தபோது, அது வசதியாகக் குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். அதை வியப்புடன் நோக்கிய மருமகள் கப்ஷா அவர்களிடம், பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றிச் சுற்றி வரும் உயிர்களுள் ஒன்று என நபிகளார் கூறியதாக எடுத்துரைத்தார்கள். முவத்தா, அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் இது காணப்படுகிறது. ஆயிரக்கணக்கான ஹதீஸ்களை நமக்கு அறிவித்த அருமைத் தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்கள் ‘பூனைக்குட்டியின் தந்தை’ என்னும் பொருள்படும் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகிறார்கள்.

உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றி நபிகளார் தம் சட்டைக் கையைக் கத்தரித்ததாக ஒரு கதை மக்களிடையே உலவுகிறது. அது நம்பத்தகுந்த ஹதீஸ் தொகுப்புகளில் இல்லை. ஆதாரமுள்ள செய்திகளே போதுமானவையாக இருக்கும்போது ஆதாரமற்றதை நாடவேண்டிய தேவையும் நமக்கில்லை.

ஆகவே, வீட்டில் வளரும் பூனை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அது காணாமற்போனால் தேடுவது குழந்தையின் பிடிவாதத்துக்கு நாம் காட்டும் சலுகை அன்று. நம் பொறுப்பின் தொடர்ச்சி. பத்து வயதுப் பிள்ளை ஓர் உயிருக்காக அழுகிறாள் என்றால் அவளது உள்ளத்தில் இரக்கம் இருக்கிறது என்று பொருள். அதை நகைத்துக் கெடுக்கலாகாது.

நிழற்படம் எடுக்கலாமா?

மாமனாரின் அச்சத்தையும் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. உருவங்களைப் படைப்போர்க்குரிய கடும் எச்சரிக்கையும், உருவங்கள் உள்ள வீட்டில் வானவர்கள் நுழைவதில்லை என்ற செய்தியும் ஹதீஸ்களில் உள்ளவையே. அப்பெரியவர் தம் மனம்போன போக்கில் எதையும் சொல்லிவிடவில்லை.

எனினும் ஒளிப்படக் கருவி வந்த பிறகு அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. 1914 முதல் எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், நிழற்படம் என்பது கையால் உருவம் படைப்பதன்று, உள்ள நிழலைத் தடுத்து நிறுத்துவதேயாகும் என்று விளக்கி, அதனை அனுமதித்துத் தனி நூலே எழுதினார்கள். இந்தியத் துணைக்கண்டத்தின் தேவ்பந்த் மரபு அறிஞர்கள் பலர் இதனை ஏற்கவில்லை. நிழற்படமும் உருவப்படமே என்றனர். ஆனால் அவர்களும் கடவுச்சீட்டு, அடையாள அட்டை போன்ற தேவைகளுக்கு அனுமதி அளித்தனர். ஹஜ்ஜுப் பயணம் செல்பவர் நிழற்படமின்றிச் செல்ல இயலுமா? அண்மைக் காலத்தில் முஃப்தி தகீ உஸ்மானி போன்றோர், அச்சிடப்படாமல் திரையில் மட்டும் தோன்றும் மின்னணுக் காட்சி தடுக்கப்பட்ட உருவத்தின் வகையைச் சேராது என்னும் கருத்தைக் கொண்டுள்ளனர்.

எனவே அனுமதிப்போரின் கருத்தைப் பின்பற்றுவோருக்கு இதில் சிக்கல் இல்லை. பேணுதலை விரும்பும் பெரியவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. வாயிலில் இருந்த உருவத்தின் தலையை நீக்கிவிட்டால் அது மரத்தின் வடிவம் போலாகிவிடும் என்று வானவர் ஜிப்ரீல் (அலை) அவர்கள் நபிகளாரிடம் தெரிவித்த செய்தியை அபூஹுரைரா (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் அது உள்ளது. இதனை அடிப்படையாகக் கொண்டே, தலையில்லாத உருவம் தடைக்குள் வராது என்று ஃபிக்ஹு நூலோர் உரைத்தனர். பூனையின் விலாப்புறத்தையும் வாலையும் கால்களையும் மட்டும் படமெடுத்தால், பெரியவரின் உள்ளமும் புண்படாது. தேடும் வேலையும் தடைப்படாது.

தலையில்லாத படத்தால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை நம் மாவட்டத்துக் காட்டிலேயே இருக்கிறது.

புலியை அறியும் முறை

நம் விருதுநகர் மாவட்டத்தையும் தேனி மாவட்டத்தையும் தழுவி, ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் 2021-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. புலிகளைக் கணக்கெடுப்போர் காட்டுப் பாதையின் இருபுறமும் தானியங்கி ஒளிப்படக் கருவிகளைக் கட்டிவைப்பார்கள். அவ்வழியே செல்லும் புலியின் இடப்புறமும் வலப்புறமும் ஒரே நேரத்தில் பதிவாகும். ஒரு புலியை மற்றொரு புலியிடமிருந்து பிரித்தறிய அவர்கள் பெரிதும் நம்புவது விலாவிலுள்ள வரிகளையே. ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இல்லை. நம் விரல் ரேகை போல. ஒரே புலியின் இடப்பக்க வரிகள் வலப்பக்கத்தைப் போல் இருப்பதுமில்லை. 2018-ஆம் ஆண்டு இந்தியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கருவிகள் வைக்கப்பட்டன. அவற்றில் 76,651 புலிப்படங்கள் கிடைத்தன. அவற்றை ஒப்பிட்டு 2,461 புலிகளைத் தனித்தனியே அடையாளம் கண்டனர்.

பூனையும் அக்குடும்பத்தைச் சேர்ந்த உயிரே. பெரும்பாலான வீடுகளில் இருக்கும் பூனைப்படம் எப்படிப்பட்டது? பிள்ளையின் மடியில் சுருண்டு கிடக்கும்; அல்லது கண்ணைப் பாதி மூடிக் கருவியை நோக்கியிருக்கும். பார்க்க அழகாக இருக்கும், தேட உதவாது. தெருவிலுள்ள சாம்பல் வரிப்பூனைகள் பத்தும் முகத்தில் ஒன்றுபோலத்தான் தோன்றும். வேறுபாடு விலாவில் இருக்கும் வட்டத்திலும், வாலின் நுனி வெண்மையிலும், ஒரு காலில் மட்டும் உள்ள வெள்ளைப் பட்டையிலும், கிழிந்த காதிலும் இருக்கிறது.

ஆகவே பூனை வளர்ப்போர் அது வீட்டில் இருக்கும்போதே சில படங்களை எடுத்து வைத்துக்கொள்வது நலம். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, நின்ற நிலையில் வால் தெரியும்படி ஒன்று, தனி அடையாளம் இருக்குமானால் அதனை நெருங்கி ஒன்று. முகத்தையும் எடுக்கலாம் எனக் கருதுவோர் அதனையும் சேர்த்துக்கொள்ளலாம். நாம் நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் முதுகு மட்டுமே தெரியும். தரையில் அமர்ந்து, பூனையின் உயரத்துக்குக் கருவியைத் தாழ்த்தி எடுக்கவேண்டும். பகல் வெளிச்சத்தில் வாசற்புறம் எடுப்பதே சிறந்தது. இரவில் ‘ஃபிளாஷ்’ ஒளி பாய்ச்சினால், விழித்திரைக்குப் பின்னே உள்ள ஒளி திருப்பும் படலத்தால் பூனையின் கண் நெருப்புத்துண்டு போல் தெரியும். கண்ணின் உண்மை நிறம் தெரியாது. கறுப்புப் பூனையை வெளிர்நிறப் பாயின் மீதும், வெள்ளைப் பூனையைக் கருநிறத் துணியின் மீதும் வைத்து எடுத்தால் உருவக்கோடு தெளிவாக விழும். குட்டிகள் விரைவில் வளர்ந்து உருமாறும். எனவே சில மாதங்களுக்கு ஒருமுறை படத்தைப் புதுப்பிக்கவேண்டும்.

நிறத்தைப் பற்றி இன்னொரு செய்தி. கறுப்பு, செம்மை, வெள்ளை என மூன்று நிறம் கலந்த பூனை ஏறக்குறைய எப்போதும் பெட்டையாகவே இருக்கும். செந்நிறத்தைத் தரும் மரபுக்கூறு பாலினத்தை முடிவு செய்யும் இழையிலேயே அமைந்திருப்பதுதான் காரணம். முந்நிறப் பூனையைத் தேடும் அறிவிப்பில் அது கடுவன் என்று எழுதியிருந்தால், படிப்பவர் குழம்புவார். பால், நிறம் இரண்டையும் சரிபார்த்தே எழுதவேண்டும்.

படம் போகவேண்டிய தொலைவு

நிழற்படம் கையில் வந்ததும் நாம் செய்வது என்ன? கைப்பேசியில் நூறு குழுக்களுக்கு அனுப்புகிறோம். சென்னையிலுள்ள மைத்துனர் பார்க்கிறார். துபாயிலுள்ள தம்பி பார்க்கிறார். இரண்டு வீடு தள்ளியுள்ள மூதாட்டி பார்ப்பதில்லை. ஆனால் பூனை இருப்பதோ அம்மூதாட்டியின் விறகுக் கொட்டகையில்!

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, காணாமற்போன 1,210 பூனைகளைப் பற்றி விவரம் திரட்டியது. நூற்றில் 34 பூனைகள் முதல் 7 நாட்களுக்குள் கிடைத்தன. ஓராண்டுக்குள் உயிருடன் கிடைத்தவை நூற்றில் 61. கண்டுபிடிக்கப்பட்ட பூனைகளுள் நூற்றுக்கு 75, அவை காணாமற்போன இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன! நேரில் நடந்து தேடுவது, உயிருடன் கண்டுபிடிக்கும் வாய்ப்பைக் கூட்டுவதாகவும் அவ்வாய்வு கருதுகிறது. 2012-இல் அமெரிக்க விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தார் வெளியிட்ட ஆய்விலும், மீண்டும் கிடைத்த பூனைகளில் நூற்றுக்கு 59 தாமாகவே வீடு திரும்பின. 30 சுற்றுப்புறத்தில் தேடியதால் கிடைத்தன.

இதன் காரணம் பூனையின் இயல்பில் உள்ளது. மனிதச் செவி 20,000 ஹெர்ட்ஸ் அளவு வரையிலான ஒலியையே கேட்கும். பூனையின் செவி 60,000 ஹெர்ட்ஸுக்கும் மேற்பட்ட ஒலியைக் கேட்கவல்லது. நம் காதுக்கே தாங்காத வெடியோசை அதற்கு எப்படியிருக்கும்! அஞ்சிய பூனை நெடுந்தொலைவு ஓடுவதில்லை. கண்ணில் பட்ட இடுக்கில் புகுந்து, அசையாமல், ஓசையின்றிக் கிடக்கிறது. வளர்த்தவர் பெயர் சொல்லி அழைத்தாலும் அச்சம் தெளியும்வரை குரல் கொடுப்பதில்லை. பரண், படிக்கட்டின் அடி, நிறுத்திய வண்டியின் கீழ், மூடிய அறை, மாட்டுக் கொட்டகை ஆகியவையே அதன் புகலிடங்கள். அவற்றுள் பல அடுத்தவர் வீட்டுக்குள் இருக்கின்றன. நாம் நுழைய முடியாத அவ்விடங்களில் அவர்கள்தாம் பார்க்கவேண்டும்.

இங்குதான் நிழற்படத்தின் உண்மையான பயன் இருக்கிறது. அது அண்டை வீட்டாரின் கண்களை நமக்கு இரவலாகப் பெற்றுத் தருகிறது. எங்கள் பூனையைக் கண்டீர்களா என்று வெறும் வாயால் கேட்டால் இல்லை என்ற விடை உடனே வந்துவிடும். படத்தைக் காட்டி, உங்கள் பரணை ஒருமுறை பாருங்கள் என்று கேட்டால் அவர் எழுந்து சென்று பார்ப்பார். முதல் மூன்று நாட்களில் இருபுறமும் ஐம்பது வீடுகளுக்குப் படத்துடன் நேரில் செல்லுங்கள். பால்காரர், செய்தித்தாள் போடும் பிள்ளை, தூய்மைப் பணியாளர், மீன் விற்கும் அம்மா, மளிகைக் கடைக்காரர், இரவுக் காவலர் ஆகிய இவர்கள் தெருவை நம்மைவிட நன்கு அறிந்தவர்கள். தஹஜ்ஜுத் வேளையிலும் ஃபஜ்ருக்கு முன்பும் தெரு அமைதியாக இருக்கும். ஒளிந்த பூனை வெளிவரும் நேரமும் அதுவே. ஆண்கள் தொழுகைக்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

பட்டாசுக் கொட்டகைகளை நெருங்காதீர்!

எங்கள் பகுதியில் உள்ளோர்க்குத் தனியே ஓர் எச்சரிக்கை. வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் ஊரை ஒட்டியே பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. ஆளில்லாத அறைகளில் பூனை ஒதுங்கக்கூடும். அதைத் தேடிப் பிள்ளைகளை அங்கே அனுப்பாதீர்கள். மருந்து சிந்திய தரையில் சிறு உராய்வும் உயிரைக் குடிக்கும். கைப்பேசிக்கும் அங்கே தடை உண்டு. படத்தைக் கொண்டுபோய் வாயிலில் நிற்கும் காவலரிடம் காட்டுங்கள். வேலைக்குச் செல்லும் பெண்களிடம் ஆலை வண்டி ஏறும் இடத்தில் காட்டுங்கள். உள்ளே பார்க்கவேண்டியது அவ்விடத்தின் விதிகளை அறிந்தவர்களின் வேலை. பூனையின் உயிர் பெரிது. பிள்ளையின் உயிர் அதனினும் பெரிது.

வருமுன் காப்பதும் எளிது. தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 மணி வரையும், இரவு 7 முதல் 8 மணி வரையும் பட்டாசு வெடிக்க நேரம் வகுத்து வருகிறது. அந்நேரங்களுக்கு முன்பே பூனையை உள்ளறையில் விட்டுக் கதவையும் சன்னலையும் அடைத்துவிடலாம்.

அறிவிப்பில் சொல்லவேண்டியதும் மறைக்கவேண்டியதும்

கண்டெடுத்த பொருள் பற்றிய சட்டத்தை ஃபிக்ஹு நூல்களில் ‘லுகதா’ என்னும் தலைப்பில் ஓதுகிறோம். கண்டெடுத்த பணப்பை பற்றி ஒருவர் வினவியபோது, அதன் பையையும் அதைக் கட்டியுள்ள கயிற்றையும் நன்கு அறிந்து வைத்துக்கொண்டு ஓராண்டு அறிவிப்புச் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஜைத் இப்னு காலித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இதில் இரண்டு கடமைகள் அடங்கியுள்ளதைக் கவனியுங்கள். அறிவிப்பது ஒன்று, அடையாளத்தைத் தன்னிடம் காத்து வைத்துக்கொள்வது மற்றொன்று. உரிமை கோரி வருபவர் அந்த அடையாளத்தைச் சொன்னால்தான் உண்மை விளங்கும். எல்லா அடையாளங்களையும் ஊரறியச் சொல்லிவிட்டால் பொய்யனும் அதையே சொல்வான்.

நிழற்பட அறிவிப்புக்கும் இதுவே விதி. படத்தைப் போடுங்கள், ஆனால் ஓர் அடையாளத்தை மட்டும் வெளியிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்புறத்து மச்சமாகவோ, உள்ளங்காலின் நிறமாகவோ அது இருக்கலாம். பூனை என்னிடம் இருக்கிறது, முதலில் பணம் அனுப்பு என்று தொலைபேசியில் கேட்கும் மோசடிக்காரர்கள் பெருகிவிட்ட காலம் இது. அந்த அடையாளத்தைக் கேளுங்கள். உண்மையில் பூனையைக் கண்டவர் பார்த்துச் சொல்வார். மற்றவர் இணைப்பைத் துண்டித்துவிடுவார்.

நம் அருகிலிருக்கும் சிவகாசி, நாடெங்கும் தொங்கும் நாட்காட்டிகளை அச்சிட்டுத் தருகிறது. ஆனால் இவ்வறிவிப்புக்கு வண்ண அச்சகம் தேவையில்லை. ஒரு முழுத்தாள், பெரிய படம், சில சொற்கள். ‘ஜெராக்ஸ்’ எடுத்தால் போதும். நகலில் நிறம் மறைந்துவிடும் என்பதால் நிறத்தைச் சொல்லால் எழுதுங்கள். காணாமற்போன தெரு, தேதி, தொலைபேசி எண் ஆகியவை அமையட்டும். தொலைபேசி எண் வீட்டு ஆடவருடையதாக இருக்கட்டும். வீட்டு முகவரியை எழுதவேண்டாம். பூனையை மடியில் வைத்திருக்கும் பெண்மக்களோ, பிள்ளைகளோ படத்தில் இருந்தால் அவர்களை வெட்டி நீக்கிவிட்டே வெளியிடவேண்டும். பூனையைத் தேடப்போய் நம் பெண்களின் முகத்தைத் தெருவில் ஒட்டிவிடக்கூடாது. பிறர் சுவரில் ஒட்டுவதற்கு உரிமையாளரின் இசைவு வேண்டும். அது அடியார்களின் உரிமை சார்ந்தது.

கண்டுபிடித்துத் தருவோர்க்கு அன்பளிப்பு அறிவிக்கலாமா? அரசரின் அளவுகுவளையைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் தருவதாக அறிவிக்கப்பட்ட செய்தி, திருமறையின் யூசுஃப் அத்தியாயத்தில் வருகிறது. ஷாஃபிஈ அறிஞர்கள் உள்ளிட்ட பலர் இதனைச் சான்றாகக் கொண்டு, இத்தகைய பரிசு அறிவிப்பை ‘ஜுஆலா’ என்னும் பெயரில் அனுமதித்துள்ளனர். ஆயினும் பெருந்தொகையைச் சுவரொட்டியில் அச்சிடுவது நன்றன்று. அது பொய்யரை அழைக்கும். காசுக்காகச் சிறுவர்களைக் கிணற்றடிக்கும் ஆலைப்பக்கமும் ஓடச் செய்யும். தக்க அன்பளிப்பு உண்டு என்று மட்டும் எழுதினால் போதும். சொன்னபடி கொடுக்கவும் வேண்டும்.

பள்ளிவாசலில் அறிவிக்கலாமா?

அண்டை வீட்டு அம்மையாரின் யோசனை நல்லெண்ணத்தில் பிறந்தது. ஆனால் காணாமற்போன பொருளைப் பள்ளிவாசலுக்குள் கூவித் தேடுபவரைக் கேட்டால், அது உமக்குத் திரும்பக் கிடைக்காமற் போகட்டும் என்று சொல்லும்படி நபிகளார் கற்பித்துள்ளார்கள். பள்ளிவாசல்கள் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல என்பதே காரணம். முஸ்லிம் நூலில் உள்ள இச்செய்தியை அறிவிப்பவரும் அபூஹுரைரா (ரலி) அவர்களே! பூனைக்குட்டியின் பெயரால் அழைக்கப்பட்ட தோழரே பள்ளியின் கண்ணியத்தையும் நமக்குக் கற்பிக்கிறார். எனவே பள்ளியின் ஒலிபெருக்கியை இதற்குப் பயன்படுத்தவேண்டாம். தொழுது வெளியேறுவோரிடம் வாயிலுக்கு வெளியே நின்று படத்தைக் காட்டிக் கேட்பதில் தடையில்லை என்பது ஃபிக்ஹு நூலோர் காட்டும் வழி. மக்தபு விட்டு வீடு செல்லும் பிள்ளைகளிடம் காட்டினால் இன்னும் நன்று. சந்து பொந்துகளை அவர்களைவிட அறிந்தவர் யார்?

கைப்பேசிக் குழுக்களில் அனுப்புவோர் படத்தின் மீதே தேதியையும் ஊரையும் எழுதிவிடவேண்டும். தேதியில்லாத படம் பூனை வீடு திரும்பி ஆண்டுகள் கழிந்தும் குழுவுக்குக் குழு சுற்றிக்கொண்டிருக்கும். கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்னும் நபிமொழியின் கருத்து நம் விரல் நுனிகளுக்கும் பொருந்தும். பூனை கிடைத்ததும் கிடைத்துவிட்டது என்று அறிவித்து நன்றி சொல்வதும், ஒட்டிய தாள்களை நாமே கிழித்தெடுப்பதும் நம் கடமை.

கண்டவரின் கடமை

இதுவரை தொலைத்தவரைப் பற்றியே பேசினோம். மார்க்கமோ கண்டெடுத்தவர் மீதுதான் அதிகப் பொறுப்பைச் சுமத்துகிறது. அழகான பூனை ஒன்று நம் வாசலில் வந்து நின்றால், யாருடையது என்று விசாரிக்காமலேயே பால் ஊற்றி நம்முடையதாக்கிக் கொள்கிறோம். எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை அழுகிறது என்பதை எண்ணுவதில்லை.

மேலே சொன்ன அதே நபிமொழியில் வழிதவறிய ஆடும் ஒட்டகமும் பேசப்படுகின்றன. ஆட்டை எடுத்துக் காக்கலாம். இல்லையேல் அது ஓநாய்க்கு இரையாகும். ஒட்டகத்தையோ விட்டுவிடவேண்டும், அதனிடம் நடக்கக் குளம்பும் நீர் தாங்கும் வயிறும் உண்டு, உரிமையாளர் வந்து சேரும்வரை அது தன்னைக் காத்துக்கொள்ளும். இதைப் பூனைக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்பது என் எளிய சிந்தனை, தீர்ப்பு அன்று. தெருவில் திரிந்து பழகிய வளர்ந்த பூனை ஒட்டகத்தைப் போன்றது. அதைப் பிடித்து அடைக்காமல் விட்டால் பெரும்பாலும் தானே வீடு திரும்பும். கண் திறந்து சில வாரங்களேயான குட்டி, அடிபட்ட பூனை, வீட்டுக்குள்ளேயே வளர்ந்து வெளியுலகம் அறியாத பூனை ஆகியவை ஆட்டைப் போன்றவை. அவற்றை எடுத்துக் காத்து, படமெடுத்து, அறிவிக்கவேண்டும். அஞ்சிய பூனை கடிக்கக்கூடும். கடித்தாலோ கீறினாலோ சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடங்கள் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

கண்டெடுத்தவர் காட்டிய பொறுப்பு எத்தகைய பலன் தரும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று. ஈராக்கின் மோசுல் நகரிலிருந்து போர்க்கொடுமைக்குத் தப்பி, ஒரு தாயும் அவரது ஐந்து பிள்ளைகளும் 2015-ஆம் ஆண்டு இறுதியில் புறப்பட்டனர். எல்லாவற்றையும் விட்டுவந்த அவர்கள், குன்குஷ் என்னும் தம் வெள்ளைப் பூனையை விட மனமின்றிக் கூடையில் சுமந்து வந்தனர். துருக்கியிலிருந்து ரப்பர்ப் படகில் கடல் கடந்து, கிரேக்க நாட்டின் லெஸ்போஸ் தீவில் இறங்கிய வேளையில் கூடையிலிருந்து பூனை தப்பி ஓடிவிட்டது. தேடியும் கிடைக்கவில்லை. அகதிகளின் பயணம் ஓரிடத்தில் நிற்பதன்று. கண்ணீருடன் வடக்கு நோக்கிச் சென்றனர்.

சில நாட்களில் அப்பூனையை அழுக்கடைந்த நிலையில் கண்ட தொண்டர்கள், இது அகதிகளின் பூனை என்று உணர்ந்து மருத்துவரிடம் கொண்டுசென்றனர். தெருப்பூனை என்று விட்டுவிடவில்லை; தமக்கென்று வைத்துக்கொள்ளவும் இல்லை. அதன் நிழற்படத்தை இணையத்தில் வெளியிட்டு, உரியவரைத் தேடினர். அகதிகளுள் பெருந்தொகையினர் சென்று சேர்ந்த ஜெர்மனிக்கு அதைக் கொண்டுசென்று, பெர்லின் நகரில் ஒரு வீட்டில் பாதுகாத்தனர். முடிவில் அக்குடும்பம் நார்வே நாட்டில் இருப்பது தெரியவந்தது. 2016 பிப்ரவரியில் குன்குஷ் அவர்களது கைகளில் சேர்க்கப்பட்டது. அவர்களது மொழியும் மார்க்கமும் அறியாத அயலார் செய்த வேலை இது. நாம் ஓதும் லுகதாச் சட்டத்தின் சாரம் அவர்களது செயலில் இருந்தது. ஓதுகின்ற நம் தெருக்களில் அது இருக்கிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டும்.

அன்புச் சகோதர, சகோதரிகளே! நிழற்படம் ஒரு கருவி. அது தேடும் கால்களுக்கு மாற்றன்று, துணை. வீட்டில் பூனை வளர்ப்போர் இந்த வாரமே அதன் இரு பக்கங்களையும் படமெடுத்து வையுங்கள். பேணுதல் உள்ளோர் தலை நீக்கி எடுங்கள். காணாமற்போனால் முதலில் தெருவுக்குக் காட்டுங்கள். பிறகு உலகுக்குக் காட்டலாம். ஓர் அடையாளத்தைக் காத்து வையுங்கள். அயலார் பூனை உங்கள் வாசலில் ஒதுங்கினால், அதை நேசிக்கும் ஓர் உள்ளம் அருகிலேயே இருக்கக்கூடும் என்று எண்ணி அறிவிப்புச் செய்யுங்கள். முயன்றும் கிடைக்காவிடில் பொறுமை கொள்ளப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். தேடிய நன்மை வீணாவதில்லை.

ஈரமுள்ள ஒவ்வோர் உயிர் விஷயத்திலும் நமக்கு நற்கூலி உண்டு என்று அறிவித்த அண்ணலாரின் வழியில், வாயற்ற உயிர்களின் உரிமையையும் பேணி வாழும் நற்பேற்றினை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.